கழற்றிப் போட ஒரு மறைப்பு

1

நேற்றுச் சாயங்காலம் சயானில் செம்பூர் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் ஒரு குரல்பதிவு வந்தது. அனுப்பியவர் டாக்டர் வதனி, இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். காதில் வைத்தேன். முதலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது. அதற்கெல்லாம் மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண்பிள்ளையின் குரல்: "அக்கா, அவசரம் இல்ல. உள்ள மறைப்பு இருக்கு. மறைப்ப மாட்டிட்டு துணிய கழத்துங்க."

அது என் மகள் ஜாஸ்மினின் குரல். பஸ்சின் நெற்றியில் தமிழில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும், அப்படிப்பட்ட பிள்ளை. இங்கே பதிவான அவள் தமிழ் கடல் தாண்டிப் போய், ஒத்திகைக்கு வந்த ஒரு மைதானம் நிறையப் பெண்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. நான் மூன்று பஸ்களை விட்டுவிட்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்திலிருந்து யார் போன் செய்தாலும், "ஸ்டெல்லா, பம்பாயில் இன்னும் ஊசிதான் போடுகிறாயா?" என்று கேட்பார்கள். ஊசியும் போடுகிறேன். வேறு சிலதும் செய்கிறேன். அதில் ஒன்றைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இந்த ஜூனில் நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது. வந்த முதல் வாரம் வார்டில் ஒரு மராட்டிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு "சிஸ்டர், சக்கர் ஆ ரஹா ஹை" என்றார். தலை சுற்றுகிறது என்று அர்த்தம். எனக்கு என்ன தெரியும்? சர்க்கரை கேட்கிறார் என்று நினைத்து ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் குடித்தார். நல்லவேளையாக அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, தலைசுற்றலும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒரு வார்த்தையைக் கேட்டால் இரண்டு முறை யோசிப்பேன். ஆனால் தமிழில் எனக்கு அப்படி ஒரு சறுக்கல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

2

போன குளிர்காலத்தில் எங்கள் மருத்துவமனை ஒரு பயிற்சி நடத்தியது. விஷவாயுக் கசிவு, பரவும் நோய்க் கிருமி, கதிரியக்கத் தூசி, இந்த மூன்றில் எது வந்தாலும் மருத்துவமனைகளும் தீயணைப்புக்காரர்களும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான பயிற்சி. நம் நாட்டுக்காரர்களோடு இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான், மாலத்தீவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வார முடிவில் எல்லா நாடுகளுக்குமாக ஒரு பொதுவான வழிமுறை எழுதுவதாகத் திட்டம்.

ஏன் இத்தனை நாடுகள் சேர வேண்டும் என்று முதல்நாள் தேநீர் இடைவேளையில் வதனியிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "எங்கட கடலுக்குள்ள ஒரு கப்பல் எரிஞ்சா, அதுக்குள்ள என்ன சாமான் இருக்கெண்டு அது ஏத்தின துறைமுகத்துக்குத்தானே தெரியும்? அந்த நேரத்தில ஆரிட்ட கேக்கிறது எண்டு தெரியாம போன் நம்பர் தேடிக்கொண்டிருக்க ஏலாது. இப்பவே ஆக்களைப் பழகி வச்சிருக்க வேணும்."

புதன்கிழமை முதல் ஒத்திகை. செம்பூரில் ஒரு கல்லூரி மைதானம். கதிரியக்கத் தூசி பறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, தீங்கில்லாத ஒரு வெள்ளைப் பொடியை ஆட்கள் மேல் தூவுவார்கள். நீல விளக்கைக் காட்டினால் அந்தப் பொடி பளிச்சென்று மின்னும். தூசி பட்டவர்கள் மேல் உடுப்பைக் கழற்றிப் பையில் போட்டு, கூடாரத்துக்குள் சோப்புப் போட்டுக் குளித்து வெளியே வர வேண்டும். உடுப்பைக் கழற்றினாலே பெரும்பகுதித் தூசி போய்விடும். பாதி வைத்தியம் அதுதான்.

தாராவியிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. கல்யாணமான புதிதில் ஏழு வருடம் அங்கே குடியிருந்தவள் நான். அங்குள்ள எங்கள் சர்ச்சில் சொன்னேன். அடுத்த தெருவில் தையல் பட்டறை வைத்திருக்கும் மைமூன் அக்காவிடமும் சொன்னேன். கடையநல்லூர்க்காரர், பன்னிரண்டு மிஷின் ஓடுகிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் இருபது பெண்கள் வருவார்கள். வந்தார்கள்.

கேட்டில் முதல் தகராறு. பட்டியலில் மைமூன் என்று இருந்தது, ஆதாரில் மேமுன் பீ. காவலர் இது வேறு ஆள் என்றார். அக்கா பொறுமையாக நின்று, "ஏன் தம்பி, பட்டியல்ல இருக்கவளுக்கு வேலை இருக்கு, வரல. கார்டுல இருக்கவதான் வந்திருக்கேன். உள்ள விடும்" என்றார். நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு உள்ளே விட்டார்.

ஒலிபெருக்கியில் தமிழ் அறிவிப்பு நான்தான் எழுதி வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கியவள் என்ற நினைப்பு எனக்கு. "மாசுபட்ட மேலாடைகளைக் களைந்து, அமைதியாகச் செல்லவும்" என்று மூன்று முறை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மைக் கரகரத்தது. வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் வரிசையில் பாதிப் பேரைக் காணோம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார்கள், தலையெல்லாம் வெள்ளைப் பொடி.

ஓடிப்போய்க் கேட்டேன். மைமூன் அக்கா கிளாசை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீதான ஸ்டெல்லா மைக்குல சொன்ன, கலைஞ்சு அமைதியா போவணும்னு. போலீசுக்காரன் சொல்லுத மாதிரியே சொன்ன. எதுக்கு வம்புன்னு கலைஞ்சிட்டோம்."

மிச்சமிருந்தவர்கள் கூடாரம் வரை போனார்கள், ஆனால் சேலையின் மேல் யாரும் கை வைக்கவில்லை. உடுப்போடு தண்ணீரில் நின்றார்கள். தண்ணீர் பொடியைக் கரைத்துக் கழுத்து, கை, முழங்கால் என்று இழுத்துக்கொண்டு போனது. நீல விளக்கைப் பிடித்திருந்தவர் அணுசக்தி நகரிலிருந்து வந்த ஒரு டெக்னீஷியன். விளக்கைக் காட்டினால் அத்தனை பேரும் உச்சி முதல் பாதம் வரை மின்னினார்கள். அதைப் பார்த்து அவர்களே ஒருவரை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

3

பயிற்சியின் பொறுப்பாளர் குல்கர்ணி சார். கெட்ட மனிதர் இல்லை, எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று நினைப்பவர். அன்று மதியம் கூட்டத்தில் அவர் எழுதிய குறிப்பைப் படித்தார்: "பெண்கள் ஒத்துழைக்கவில்லை." வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகைக்குத் தாராவிப் பெண்கள் வேண்டாம், பயிற்சி நர்சுகளை டி-ஷர்ட்டும் ட்ராக் பேண்டும் போட்டு வரச் சொல்லிவிடலாம் என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். "சார், டி-ஷர்ட் போட்ட பிள்ளைகள் கடகடவென்று ஓடி வந்துவிடுவார்கள். நேரம் சரியாக இருக்கும். அதை நீங்கள் ஐந்து நாட்டுக்கும் எழுதி அனுப்புவீர்கள். நாளைக்கு நிஜமாகவே ஏதாவது நடந்தால் தாராவியில் யாரும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை" என்றேன். இந்தியில்தான் சொன்னேன். உணர்ச்சிவசப்பட்டால் என் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிவிடும். அன்றைக்குத் தாராவி, டி-ஷர்ட், நர்சுப் பிள்ளைகள் எல்லாமே ஆணாகிவிட்டன. யாரும் சிரிக்கவில்லை.

வதனி கையைத் தூக்கினார். "எங்கட ஊர்ப் பொம்பிளைகளும் கழட்ட மாட்டினம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னார். வங்கதேசத்துத் தீயணைப்பு அதிகாரி தன் ஊரிலும் அப்படித்தான் என்றார். நேபாளத்து நர்ஸ் மேசையைத் தட்டி ஆமோதித்தார். குல்கர்ணி சார் பேனாவை மூடி வைத்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை ஒரு வாய்ப்பு. அதிலும் இப்படியே ஆனால் நான் எழுதினதுதான் போகும்."

கையில் இருந்தது ஒன்றரை நாள்.

4

வதனியைக் கூட்டிக்கொண்டு நேராகத் தாராவிக்குப் போனேன். மைமூன் அக்காவின் பட்டறையில் தரையெல்லாம் நைட்டி. தைத்தது, தைக்காதது, பொத்தான் வைக்காதது என்று குவிந்து கிடந்தது. உட்கார இடம் இல்லாமல் துணி மூட்டைமேல் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியதைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒத்துழைக்கலையாமா? நாங்க தெருக் குழாயில குளிச்சு வளந்தவளுவ. எங்களுக்குக் குளிக்கத் தெரியாதா? ஆம்பளைய அத்தனை பேரு சுத்தி நிக்காவ, துணிய அவுருன்னா எப்படி அவுக்க? ஒரு நைட்டி குடுத்தா அத மேல மாட்டிக்கிட்டு உள்ள இருக்கதெல்லாம் நாங்களே அவுத்துப் போட்டுருவோம். தெனம் செய்யுததுதான."

எனக்கு ஊரில் பம்புசெட் தொட்டி ஞாபகம் வந்தது. மார்புக்கு மேல் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, நாலு பேர் போகிற வழியில் எத்தனை தடவை குளித்திருக்கிறேன். நர்சாகி, புத்தகம் படித்து, அதை மறந்து போயிருந்தேன்.

வதனி ஒரு நைட்டியை எடுத்துப் பிரித்தார். "நல்ல யோசனைதான் அக்கா. ஆனா இதைத் தலையால போடேக்க தூசியெல்லாம் மூக்குக்கும் வாய்க்கும் போயிடும். முகத்துக்குக் கிட்ட ஒண்டும் வரக்கூடாது."

"அப்ப முன்னால பொளந்துருவோம்," என்றார் அக்கா. "மேலேருந்து கீழ வரைக்கும். பொத்தான் வேண்டாம், பதட்டத்துல மாட்ட வராது. ஒட்டுப் பட்டை வச்சிருவோம். நல்லா லூசா, ரெண்டு ஆளு நிக்கிற மாதிரி."

"சேலை பிரச்சினை இல்லை. கொசுவத்தை இழுத்தா கீழ விழுந்திடும்," என்றார் வதனி. "சுடிதார்தான் தலையால கழட்டிற சாமான்."

"அத உள்ளயே கத்திரிச்சுருவோம். எங்களுக்குக் கத்திரிக்கோல் பிடிக்கத் தெரியாதா?"

ஒரு மணி நேரத்தில் முதல் மறைப்பு தயாராகிவிட்டது. அக்காவே தன் கறுப்புப் பர்தாவுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு பட்டறை நடுவில் நின்று பார்த்தார். ஆளுக்கு இரண்டு வேண்டும் என்று முடிவானது. குளிக்கும்போது ஒன்று, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உலர்ந்தது இன்னொன்று. வெற்றுத் துணி கையில் இல்லை. இருந்ததெல்லாம் பூப்போட்டதுதான். அது பரவாயில்லையா என்று போனில் கேட்டபோது குல்கர்ணி சார் சரி என்றார். ஆனால் அலுவலகத்தில் "நைட்டி" என்று கோப்பில் எழுத முடியாது என்றார்கள். கடைசியில் "மகளிருக்கான முன்திறப்பு மறைப்பாடை, இரண்டின் தொகுதி" என்று ஒரு விண்ணப்பம் நாலு கையெழுத்தோடு போனது. மைமூன் அக்காவுக்கு அந்தப் பெயரைப் படித்துக் காட்டினேன். "யாரு பெத்த பிள்ளைக்கு யாரு பேரு வைக்காவ பாரு" என்றார்.

அடுத்தது அறிவிப்பு. செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் வதனியும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்லூரியிலிருந்து வந்த ஜாஸ்மின் எட்டிப் பார்த்தாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

"மம்மி, யே கௌன்சி தமிழ் ஹை? என்ன தமிழ் இது? நீ வீட்ல இப்பிடியா பேசுற? 'தட்டுகளைக் களைந்து அமைதியாகச் செல்லவும்'னு என்கிட்ட சொல்லிருந்தா நான் கிச்சன் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

"அப்ப நீயே சொல்லு."

சொன்னாள். மேலே போட்டிருக்கிற துணியைக் கழத்தி இந்தப் பையில போடுங்க. பையோட வாயக் கட்டுங்க. தலையிலேருந்து கீழ சோப்புப் போடுங்க. இப்படியே மிச்சமும். சொன்னதை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அந்த எழுத்துதான் கை ஓடும். அவள் தமிழை இந்தியில் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் நெஞ்சில் ஏதோ இடறும். அன்றைக்கு இடறவில்லை.

வதனி, சோப்பு என்பதற்குப் பக்கத்தில் சவர்க்காரம் என்று தன் ஊருக்காகக் குறித்துக்கொண்டார். போனில் மைமூன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு வரியை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வெக்கப்பட வேண்டாம்னு சொல்லாதிய. அதச் சொன்னாதான் வெக்கம் வரும். மறைப்பு இருக்குன்னு சொல்லுங்க, போதும்." அடித்து மாற்றினோம். ஆறு வரி. நான் எழுதிய எந்தத் தமிழையும்விட அது நல்ல தமிழ் என்று எனக்குத் தோன்றியது.

5

வெள்ளிக்கிழமை காலை. அதே மைதானம், அதே பெண்கள், இன்னும் சிலர் கூட. மைக்கில் ஜாஸ்மின். கூடாரத்துப் பெண்கள் பக்கத்தில் நானும் நேபாளத்து நர்சும். விளக்கு வதனியின் கையில். குல்கர்ணி சார் கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு வெளியே நின்றார்.

"அக்கா, அவசரம் இல்ல. உள்ள மறைப்பு இருக்கு" என்று ஜாஸ்மின் தொடங்கியதும் வரிசையில் யாரும் கலையவில்லை. ஆனால் முன்னால் போகவும் யாரும் இல்லை. மைமூன் அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் தச்சது, நானே மாட்டுதேன்" என்று உள்ளே போனார்.

மறைப்பை மாட்டினார். உள்ளிருந்து பர்தா விழுந்தது, சேலை விழுந்தது. நான் பையில் பிடித்து வாயைக் கட்டினேன். தண்ணீர், சோப்பு, மறுபடி தண்ணீர். உலர்ந்த மறைப்புக்கு மாறினார். எல்லாம் நான் நினைத்ததைவிட வேகமாக முடிந்தது. வெளியே போகும் வாசலில் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன அக்கா?"

"தலைக்கு ஒண்ணும் இல்லையே ஸ்டெல்லா."

இரண்டு நாளாக உட்கார்ந்து யோசித்ததில் தலைத்துணியை யாருமே நினைக்கவில்லை. தூசி பட்ட முக்காடு பையில் கட்டிக் கிடந்தது. வெளியே அத்தனை ஆண்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வரமாட்டார், வரச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். இத்தனை செய்தும் ஒரு முழத் துணியில் போய்விடும் போலிருந்தது.

அக்கா சொன்னது திரை வழியாக வெளியே கேட்டிருக்க வேண்டும். உலர்ந்த மறைப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அக்காவின் பட்டறையில் மிஷின் ஓட்டும் ரோசிலி. தூசி படாத பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு மறைப்பை எடுத்துப் பல்லால் கடித்து நெடுக இரண்டாகக் கிழித்து என்னிடம் நீட்டினாள். அடுத்ததையும் கிழித்தாள். அதற்கடுத்ததையும் கிழித்தாள்.

மைமூன் அக்கா பூப்போட்ட முக்காட்டோடு வெளியே வந்தார். வதனி விளக்கைக் காட்டினார். கழுத்து, கை, கால், எங்கும் ஒன்றுமில்லை. இடது காதுக்குப் பின்னால் மட்டும் மிளகளவு ஒரு மினுக்கம். "அது பரவாயில்லை, துடைச்சு விடலாம்," என்றார் வதனி. வரிசையிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி வெளியே வருவதற்குள் அடுத்தவள் மறைப்போடு நின்றாள். தண்ணீர் அந்த வெயிலுக்கு இதமாக இருந்தது போலிருக்கிறது, சிலரை வெளியே வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. மைக்கில் ஜாஸ்மின் தாளில் இல்லாததெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: "பச்ச பூ போட்ட ஆன்ட்டி, போதும், வெளிய வாங்க. இது பிக்னிக் இல்ல."

குறித்திருந்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருந்தது. ஆனால் விளக்குக்கு யாரும் புதன்கிழமை போல மின்னவில்லை. குல்கர்ணி சார் பழைய குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "தலைத்துணி. அதையும் தொகுதியில் சேர்க்க வேண்டும். இரண்டில்லை, மூன்று" என்றார். எனக்கு அது போதும்.

6

மதியம் மண்டபத்தில் கடைசிக் கூட்டம். ஐந்து நாட்டுக்காரர்களும் நம்மவர்களும் மேடைப்பக்கம், தாராவிக்காரர்கள் எதிரே. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குல்கர்ணி சார் கேட்டார். ஆண்கள் வரிசையில் ஒத்திகைக்கு வந்திருந்த செல்லையா அண்ணன் எழுந்தார். தோல் பட்டறையில் வேலை, வயது அறுபதுக்குப் பக்கம், அதிகம் பேச மாட்டார்.

"பொம்பளையளுக்கு எல்லாம் செஞ்சிய, சந்தோசம். எங்கள மட்டும் ஜட்டியோட அந்த மைதானத்துல நிக்க வச்சிய. ஆம்பளைக்கு வெக்கம் கெடையாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

நான் அதை இந்தியிலும், வதனி ஆங்கிலத்திலும் சொன்னோம். பிறகு மாலத்தீவுத் தீயணைப்பு அதிகாரி, ஆறடிக்கும் மேல் உயரமானவர், மெதுவாகக் கையைத் தூக்கினார். புதன்கிழமை ஒத்திகையில் தானும் அப்படி நின்றதாகவும், அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். பூடான்காரர் கை எழுந்தது. அடுத்து வங்கதேசம். மண்டபமே சிரிப்பில் ஆடியது. குல்கர்ணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே மைமூன் அக்காவிடம் இந்தியில் கேட்டார்: "ஆண்களுக்கு எந்த அளவில் தைப்பீர்கள்?"

அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். என்னிடம் ஒரு பேனாவும் தாளும் கொடுத்து, "நான் சொல்லுதேன், நீ எழுது" என்றார். குல்கர்ணி சார் முதலில் வந்து கையைத் தூக்கி நின்றார். அவருக்குப் பின்னால் செல்லையா அண்ணன், அவருக்குப் பின்னால் மாலத்தீவு, பூடான், வங்கதேசம் என்று வரிசை மண்டபத்துக் கதவுவரை நீண்டது. நேபாளத்து நர்ஸ் போட்டோ எடுத்தார். ஜாஸ்மின் மைக்கை விடாமல் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா நாடாவைக் குல்கர்ணி சாரின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார். அவர் விறைப்பாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயித்த உள்ள இழுக்காதிய சார்," என்றார் அக்கா. "இருக்கபடி நில்லுங்க. பொறவு இறுக்கும்."